உடலினுள்ளே ஓடும் வாய்க்கால்

(பஞ்சாயத்து உறுப்பினர்களுக்கும் விவசாயிகளுக்கும் நடைபெற்ற பயிற்சி முகாமில் வட்டார வளர்ச்சி அதிகாரி ஒருவர் ஆற்றிய உரை)



வட்டார வளர்ச்சி அதிகாரி பேச எழுந்தால் சாலை, கிணறு, பள்ளிக்கூடக் கட்டடம், விதை, எரு ஆகியவற்றைப் பற்றித்தான் பேசுவார் என்று நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருளோ, பித்தநாளங்கள், பித்தப்பை, மண்ணீரல் என்னும் மூன்று உறுப்புகளாகும். இது டாக்டர்கள் பேசவேண்டிய பொருளாயிற்றே என்று சிலர் எண்ணலாம். உண்மையே. நாம் வைத்தியர் அல்லோம். மருந்து எழுதித் தரவும் இங்கு வரவில்லை. ஆயினும் ஒரு குடும்பம் கடனில் மூழ்குவதற்குப் பயிர் பொய்ப்பது ஒரு காரணமென்றால், வீட்டில் ஒருவர் நோயில் விழுவது மற்றொரு காரணம் என்பதை நாம் கிராமந்தோறும் கண்டு வருகிறோம். அந்நோய்களுள் பலவற்றை முன்கூட்டியே கண்டுகொள்ளலாம். சிலவற்றை வாராமலே தடுக்கலாம். தடுக்கும் வேலையில் பெரும் பகுதி டாக்டரிடம் இல்லை. குடிநீர்த் தொட்டியைக் கழுவும் பஞ்சாயத்திடமே இருக்கிறது. ஆதலின் இப்பொருள் நம்முடையதும் ஆகும்.

குறிப்பாக மஞ்சள் காமாலையைப் பற்றி ஒரு தவறான எண்ணம் நம்மிடையே வேரூன்றியிருக்கிறது. கண் மஞ்சளித்தால் அது ஒரே நோய், அதற்கு ஒரே மருந்து என்று கருதுகிறோம். உண்மையில் மஞ்சள் காமாலை என்பது ஒரு நோயன்று. பல நோய்கள் காட்டும் ஓர் அடையாளம். வயலில் பயிர் மஞ்சளித்தால் நீங்கள் உடனே யூரியாவைத் தூவிவிடுகிறீர்களா? தண்ணீர் தேங்கியதாலா, தழைச்சத்துக் குறைவாலா, பூச்சியாலா என்று வேரைப் பிடுங்கிப் பார்க்கிறீர்கள் அல்லவா? அந்த விவேகத்தை நம் உடல் விஷயத்திலும் காட்டவேண்டும் என்பதற்காகவே இன்றைய பேச்சு.

மண்ணீரல் எங்கே இருக்கிறது?

முதலில் மண்ணீரலை எடுத்துக்கொள்வோம். வயிற்றின் இடப்பக்கம், மேல்மூலையில், விலா எலும்புகளுக்கு உள்ளே, இரைப்பைக்குப் பின்புறமாக அது ஒதுங்கி இருக்கிறது. கருஞ்சிவப்பு நிறமும் மென்மையும் உடையது. இதன் அளவை நினைவில் வைக்க மருத்துவ மாணாக்கர்கள் ஒற்றைப்படை எண்களைச் சொல்வது வழக்கம்: கனம் 1 அங்குலம், அகலம் 3 அங்குலம், நீளம் 5 அங்குலம், எடை ஏறத்தாழ 7 அவுன்ஸ், இருக்குமிடம் 9 முதல் 11 வரையுள்ள விலா எலும்புகளின் கீழ். நல்ல நிலையில் இருக்கும் மண்ணீரல் கைக்குத் தட்டுப்படாது. வயிற்றைத் தொட்டுப் பார்க்கையில் அது தட்டுப்படுமானால் வீங்கியிருக்கிறது என்று பொருள்.

இதன் வேலை இரு வகைப்பட்டது. முதலாவது, இரத்தத்தைச் சலித்தெடுப்பது. இரத்தத்திலுள்ள சிவப்பணுக்களுக்கு ஆயுள் ஏறக்குறைய 120 நாட்கள். எலும்பு மஜ்ஜை வினாடிக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட புதிய அணுக்களை உண்டாக்குகிறது. ஆகவே அதே அளவு பழைய அணுக்கள் கழிக்கப்பட்டாக வேண்டும். மண்ணீரலுக்குள் மிகக் குறுகிய சந்துகள் உள்ளன. இளமையான அணு உடலை வளைத்து நெளித்து அவற்றின் வழியே நுழைந்து வெளியேறிவிடும். முதிர்ந்து விறைத்த அணு சிக்கிக்கொள்ளும், அங்கேயே உடைக்கப்படும். களத்தில் நெல்லைத் தூற்றிப் பதரை நீக்குவது போன்ற வேலை இது. இவ்வேலையில் கல்லீரலும் எலும்பு மஜ்ஜையும் பங்கு கொள்கின்றன. எனினும் பழுதான அணுக்களைத் தேர்ந்து பிடிப்பதில் மண்ணீரலே கைதேர்ந்தது.

இரண்டாவது, காவல். இரத்தத்தில் புகும் நோய்க்கிருமிகளைக் கண்டு, அவற்றுக்கு எதிரான பொருள்களை உண்டாக்கி, கிருமிகளைப் பிடித்து அழிப்பதில் மண்ணீரலுக்குச் சிறப்பான பங்கு உண்டு. இரத்தம் உறைவதற்கு உதவும் தட்டணுக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கும் இங்கே இருப்பு வைக்கப்பட்டுள்ளது. கூட்டுறவுக் கிடங்கில் விதைநெல் இருப்பு வைப்பதைப் போல என்று கொள்ளலாம்.

கழிவிலிருந்து பித்தநீர்

பழைய சிவப்பணு உடைபட்டால் அதிலுள்ள பொருள்கள் வீணாவதில்லை. இரும்புச் சத்து பிரித்தெடுக்கப்பட்டுப் புதிய அணுக்களுக்குத் திரும்பிச் செல்கிறது. எஞ்சும் மஞ்சள் நிறப் பொருளுக்குப் பிலிரூபின் என்று பெயர். மண்ணீரலிலிருந்து புறப்படும் சிரை, குடலிலிருந்து வரும் பெருஞ்சிரையுடன் கூடிக் கல்லீரலுக்குள் நுழைகிறது. அவ்வழியே பிலிரூபின் கல்லீரலை அடைகிறது. கல்லீரல் அதனை நீரில் கரையும்படி மாற்றிப் பித்தநீரில் கலந்து வெளியேற்றுகிறது. மலத்துக்குப் பழுப்பு நிறம் தருவது இப்பொருளிலிருந்து குடலில் உண்டாகும் நிறமியே. இச்செய்தியை நினைவில் இருத்திக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் இது நமக்கு ஒரு பரீட்சைக் கருவியாகப் பயன்படும்.

ஆகவே மண்ணீரல், கல்லீரல், பித்தநாளம், குடல் ஆகிய நான்கும் ஒரே சங்கிலியின் கண்ணிகள். எங்கே கண்ணி அறுந்தாலும் மஞ்சள் நிறம் இரத்தத்தில் தேங்கும். கண்ணிலும் தோலிலும் தெரியும்.

வாய்க்கால், ஏரி, மதகு

கல்லீரல் வயிற்றின் வலப்புற மேற்பகுதியில் இருக்கிறது. அது நாள்தோறும் அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. கல்லீரலுக்குள் மயிரினும் மெல்லிய நாளங்கள் எண்ணிறந்தவை இருக்கின்றன. கண்ணாறுகள் சேர்ந்து கிளை வாய்க்காலும், கிளை வாய்க்கால்கள் சேர்ந்து பெருவாய்க்காலும் ஆவதைப் போல, அவை ஒன்றுகூடி வல நாளம், இட நாளம் என இரண்டாகி, பின்னர் ஒரே கல்லீரல் நாளமாகின்றன. வயலில் பெருவாய்க்காலிலிருந்து கண்ணாற்றுக்குத் தண்ணீர் பிரிகிறது. இங்கோ கண்ணாற்றிலிருந்து பெருவாய்க்காலுக்குச் சேர்கிறது. வேறுபாடு அவ்வளவே.

இந்நாளத்தின் பக்கத்தில் ஓர் ஏரி இருக்கிறது. அதுவே பித்தப்பை. கல்லீரலின் அடிப்பரப்பில் ஒட்டிக்கொண்டு, பேரிக்காய் வடிவில், 7 முதல் 10 சென்டிமீட்டர் நீளத்தில் உள்ளது. அதிலிருந்து வரும் சிறு நாளம் கல்லீரல் நாளத்தோடு சேர, இரண்டும் கூடிப் பொதுப் பித்தநாளம் ஆகிறது. அது ஏறத்தாழ 8 சென்டிமீட்டர் நீளம் இறங்கி, கணையம் என்னும் உறுப்பின் தலைப்பகுதிக்குப் பின்னால் சென்று, பெரும்பாலோரிடம் கணைய நாளத்தோடு இணைந்து, சிறுகுடலின் முற்பகுதியில் திறக்கிறது. திறக்கும் இடத்தில் தசையாலான மதகு ஒன்று இருக்கிறது. இத்தாலிய நாட்டு மருத்துவர் ருக்கெரோ ஓடி என்பவர் 1887-இல் இதனை விளக்கி எழுதியமையால் இது ஓடியின் சுருக்குத்தசை என்று இன்றும் வழங்குகிறது.

உணவு உண்ணாத நேரத்தில் மதகு பெரும்பாலும் மூடியிருக்கும். பித்தநீர் குடலுக்குள் போகாமல் எதிர்த்து ஏறிப் பித்தப்பையில் நிரம்பும். பித்தப்பையின் கொள்ளளவு 30 முதல் 50 மில்லிலிட்டர்தான். நாளொன்றுக்கு அரை லிட்டருக்கு மேல் சுரக்கும்போது இச்சிறு பை எப்படிப் போதும் என்று கேட்பீர்கள். இங்கேதான் இயற்கையின் சிக்கனத்தைக் காண்கிறோம். பித்தப்பை தன்னிடம் வந்த பித்தநீரிலுள்ள தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சிக்கொண்டு, 5 முதல் 10 மடங்கு வரை செறிவாக்கி வைக்கிறது. கரும்புச் சாற்றைக் காய்ச்சிப் பாகாக்கி வைப்பது போன்றது இது.

நெய்யோ எண்ணெயோ சேர்ந்த உணவு சிறுகுடலை அடைந்ததும், குடலின் சுவரிலிருந்து ஒரு பொருள் இரத்தத்தில் கலக்கிறது. 1928-இல் ஐவி, ஓல்ட்பர்க் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் இதனைக் கண்டு கோலிசிஸ்டோகைனின் என்று பெயரிட்டனர். இது போய்ச் சேர்ந்தவுடன் பித்தப்பை சுருங்குகிறது, மதகு தளர்கிறது, பித்தநீர் பாய்கிறது. கடைமடை காய்கிறது என்று ஆள் அனுப்பியவுடன் நீர்பாய்ச்சி மதகைத் திறப்பதை ஒக்கும் இந்த ஏற்பாடு.

பித்தநீரின் பயன்

எண்ணெய்ப் பிசுக்குள்ள பாத்திரத்தை வெறுந்தண்ணீரால் கழுவ முடியாது. சீயக்காயோ சோப்போ வேண்டும். பித்தநீரிலுள்ள உப்புகள் குடலில் அந்த வேலையைச் செய்கின்றன. கொழுப்பை நுண்துளிகளாகச் சிதறச் செய்து, கணைய நீர் அதனைச் செரிக்க வழி செய்கின்றன. கொழுப்போடு சேர்ந்தே உடலில் ஏறக்கூடிய ஏ, டி, இ, கே என்னும் வைட்டமின்களும் பித்தநீர் இல்லாவிடில் உடலில் சேரா. கே வைட்டமின் குறைந்தால் இரத்தம் எளிதில் உறையாது. நாளம் அடைபட்டுப் பல நாள் கிடந்தவருக்குச் சிறு காயத்திலும் இரத்தம் நில்லாமல் வழிவது இதனால்தான்.

வேலை முடிந்த பித்த உப்புகளில் 100-க்கு 95 பங்கு சிறுகுடலின் கடைப்பகுதியில் மீண்டும் உறிஞ்சப்பட்டுக் கல்லீரலுக்குத் திரும்புகின்றன. வடிந்த நீரை மறுபடியும் ஏரிக்கு ஏற்றுவது எத்துணைச் செட்டான முறை என்று பாருங்கள்!

ஏரியில் கல் சேர்ந்தால்

பித்தநீர் தன் சமநிலை கெட்டுத் தேங்கினால் அதில் வண்டல் படிகிறது, வண்டல் கல்லாகிறது. சில கற்கள் கொழுப்புப் பொருளாலும், சில பிலிரூபின் நிறமியாலும் ஆனவை. சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி அழியும் நோயுடையவர்களுக்கு நிறமிக் கற்கள் மிகுதியாக உண்டாகும். கற்கள் கொழுப்புப் பொருளாலாயினும் நிறமியாலாயினும், பித்தப்பைக்குள்ளேயே கிடக்குமட்டும் பலருக்கு எவ்விதத் தொல்லையும் இராது. வாய்க்காலில் சிக்கினால்தான் ஆபத்து. வலப்புற விலாவின் கீழோ, நடு மேல்வயிற்றிலோ தோன்றி, வலது தோள்பட்டை வரை பரவும் கடுமையான வலி, அதிலும் எண்ணெய்ப் பண்டம் உண்ட பின் வரும் வலி, இதன் அறிகுறியாகும். இதை வாயுக்கோளாறு என்று எண்ணி மாதக்கணக்கில் சோடா குடித்துக் காலம் போக்குவோர் பலர்.

பித்தப்பையை எடுத்துவிட்டால் மனிதன் எப்படி வாழ்வான் என்று அஞ்சுவோரும் உளர். குதிரைக்கும் ஒட்டகத்துக்கும் யானைக்கும் பித்தப்பை கிடையாது. அவை வலிவில் நமக்குக் குறைந்தவையா? ஏரி இல்லாவிடினும் வாய்க்கால் ஓடிக்கொண்டே இருக்கும். 1882-ஆம் ஆண்டு ஜூலை 15-ஆம் தேதி பெர்லின் நகரில் கார்ல் லாங்கன்புக் என்னும் அறுவை மருத்துவர் முதன்முதலாக ஒருவருடைய பித்தப்பையை அகற்றினார். 1985-இல் எரிக் மூஹே என்னும் ஜெர்மானிய மருத்துவர் வயிற்றில் சிறு துளைகளிட்டு, உள்நோக்குக் கருவி கொண்டு அதனை எடுக்கும் முறையைத் தொடங்கினார். இன்று பெரும்பாலும் அம்முறையே கையாளப்படுகிறது. நோயாளி சில நாட்களில் வீடு திரும்புகிறார். சில வாரங்களில் வயல் வேலைக்கும் போகலாம்.

மூன்று வகைக் காமாலை

இனி மஞ்சள் காமாலைக்கு வருவோம். சங்கிலியில் மூன்று இடங்களில் பழுது நேரலாம் என்று கண்டோம். அதற்கேற்பக் காமாலையும் மூவகைப்படும்.

முதல் வகையில் சிவப்பணுக்கள் அளவின்றி உடைகின்றன. கல்லீரலால் அவ்வளவு நிறமியையும் கழிக்க இயலவில்லை. நோயாளி வெளிறியும் இருப்பார், மஞ்சளித்தும் இருப்பார். மண்ணீரல் வீங்கியிருக்கக் கூடும்.

இரண்டாம் வகையில் கல்லீரலே புண்பட்டிருக்கிறது. ஏ, இ என்னும் வைரஸ்கள் அசுத்தமான தண்ணீராலும் உணவாலும் பரவுகின்றன. பி, சி வகைகள் இரத்தத்தின் வழியாகவும், சுத்தம் செய்யப்படாத ஊசிகளாலும் பரவுகின்றன. பி வகை பிரசவத்தின்போது தாயிடமிருந்து குழந்தைக்கும் தொற்றக்கூடும். குடியும் கல்லீரலைக் கெடுக்கும். தண்ணீரால் பரவும் வகைக்குத் தலைநகர் டில்லியே சான்று. 1955 டிசம்பரிலும் 1956 ஜனவரியிலும், யமுனை நீரில் சாக்கடை நீர் கலந்து குடிநீர் நிலையத்துக்குள் புகுந்ததால், 29,000-க்கும் மேற்பட்டோர் மஞ்சள் காமாலையில் விழுந்தனர். அது இ வகை வைரஸின் வேலை என்பது பல ஆண்டுகளுக்குப் பின்னர், சேமித்து வைத்திருந்த இரத்த மாதிரிகளைச் சோதித்தபோது புலப்பட்டது. இந்த இ வகை கர்ப்பிணிகளைக் கொடுமையாகத் தாக்கும். கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் இந்நோய் கண்ட தாய்மார்களில் ஐந்தில் ஒருவர் வரை இறக்க நேர்வதுண்டு. கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளித்தால் ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

மூன்றாம் வகையில் வாய்க்கால் அடைபட்டிருக்கிறது. கல்லால் அடைபடலாம், கணையத்திலோ நாளத்திலோ உண்டாகும் கட்டியாலும் அடைபடலாம். பித்தநீர் குடலுக்குள் வாராமையால் மலம் நிறமிழந்து சுண்ணாம்பு அல்லது களிமண் போல் வெளுக்கும். வெளியேற வழியற்ற நிறமி சிறுநீரில் இறங்குவதால் சிறுநீர் கடுந்தேநீர் நிறமாகும். உடலெங்கும் அரிப்பு எடுக்கும். வெளுத்த மலம், கறுத்த சிறுநீர், அரிப்பு: இம்மூன்றும் சேர்ந்தால் வாய்க்கால் அடைப்பு என்று ஐயுற வேண்டும். அதனுடன் குளிர்சுரமும் வயிற்றுவலியும் கூடினால் அடைபட்ட நாளத்தில் கிருமி புகுந்துவிட்டது. அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

நமது வட்டாரத்தில் ஒரு விவசாயிக்கு இந்த மூன்றாம் வகைக் காமாலை வந்தது. அவர் இரண்டு மாதம் பச்சிலைச் சாறு குடித்தார், பத்தியம் காத்தார், கையில் சூடும் போட்டுக்கொண்டார். மஞ்சள் ஏறிக்கொண்டே போயிற்று. குளிர்சுரம் கண்டு நினைவு தடுமாறிய பிறகே உறவினர் மாவட்டத் தலைமை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சென்றனர். வாய் வழியாக வளையும் குழாயைச் செலுத்தி, நாளத்திலிருந்த கல்லை டாக்டர்கள் எடுத்தனர். அவர் பிழைத்தார். ஆனால் அவ்வாண்டு நடவு போயிற்று. உழவு மாடு ஒன்றையும் விற்க நேர்ந்தது. முதல் வாரத்திலேயே போயிருந்தால் இவ்வளவும் மிஞ்சியிருக்கும்.

கீழாநெல்லியை நாம் இழித்துரைக்க வரவில்லை. ஏ, இ வகைக் காமாலைகள் பெரும்பாலோருக்கு ஓய்வினாலேயே சில வாரங்களில் தாமாகத் தணிகின்றன. மருந்து உண்டவரும் குணமடைகிறார், உண்ணாதவரும் குணமடைகிறார். அதைக் கண்டு, எல்லாக் காமாலைக்கும் அதுவே மருந்து என்று கொள்வதுதான் பிழை. வாய்க்காலில் அடைத்துக்கொண்ட பாறாங்கல்லைச் சாறு ஊற்றிக் கரைக்க முடியுமா? முதலில் இரத்தச் சோதனையும் ஸ்கேன் சோதனையும் செய்து எந்த வகை என்று அறியுங்கள். அதன் பின்னரே மற்றவை. கையில் சூடு போடுவதும், கண்ணிலும் மூக்கிலும் சாறு விடுவதும் அறவே ஒழியவேண்டிய வழக்கங்கள்.

பச்சிளங்குழந்தையின் அணையாடை

தாய்மார்களுக்கு ஒரு முக்கியமான செய்தி. பிறந்த குழந்தை முதல் வாரத்தில் மஞ்சளிப்பது பெரும்பாலும் இயல்பானதே; எனினும் சுகாதாரச் செவிலியரிடம் காட்டவேண்டும். 14 நாட்களுக்குப் பின்னும் மஞ்சள் நீடித்து, மலம் வெளுத்து, சிறுநீர் அணையாடையில் மஞ்சள் கறை விட்டால், பித்தநாளம் அடைந்து சுருங்கிப்போகும் நோயாக அது இருக்கலாம். பத்துப் பதினையாயிரம் குழந்தைகளுள் ஒன்றுக்கே இது வருவதாயினும், வந்த வீட்டுக்கு அது பெருந்துயரம். ஜப்பானிய அறுவை மருத்துவர் மோரியோ கசாய் 1950-களில் இதற்கென ஓர் அறுவைச் சிகிச்சையை வகுத்தார். குழந்தைக்கு 60 நாள் ஆகுமுன் அதைச் செய்தால் பயன் மிகுதி. நாள் செல்லச் செல்லக் கல்லீரல் கெட்டிப்பட்டு, மாற்றுக் கல்லீரல் பொருத்துவதன்றி வேறு வழி இல்லாமற் போகும். தைவான் நாட்டில் மலத்தின் நிறங்களை அச்சிட்ட அட்டை ஒன்றை 2004 முதல் நாடெங்கும் தாய்மார்களுக்குக் கொடுத்து, நோயுற்ற குழந்தைகளை விரைவிலேயே கண்டுபிடிக்கிறார்கள். அட்டை இல்லாவிடினும் கண் இருக்கிறது. அணையாடையைத் துவைப்பவர் பாட்டியாயினும் அத்தையாயினும், நிறத்தைக் கவனித்துச் சொல்லட்டும்.

சமையற்கூடமும் பித்தப்பையும்

டைபாய்டு சுரம் வந்து நீங்கியவர்களில் சிலருக்கு, அந்தக் கிருமி பித்தப்பையில், அதிலும் கற்களின்மேல், குடியேறிவிடும். அவர் நலமாகவே நடமாடுவார். ஆனால் கிருமி பித்தநீரோடு குடலுக்கு வந்து மலத்தில் வெளியேறிக்கொண்டே இருக்கும். அமெரிக்காவில் நியூயார்க் நகரத்தைச் சார்ந்த வீடுகளில் சமையல் செய்துவந்த மேரி மாலன் என்னும் பெண்மணி இத்தகையவர் என்று 1907-இல் கண்டறிந்தனர். அவர் சமைத்த வீடுகளில் ஒன்றன்பின் ஒன்றாக டைபாய்டு பரவியிருந்தது. 1915-இல் இரண்டாம் முறை தனித்து வைக்கப்பட்ட அவர், 1938-இல் இறக்கும்வரை அவ்வாறே இருக்க நேர்ந்தது. இன்று அத்தகைய கொடுமை தேவையில்லை. சோதனையும் மருந்தும் இருக்கின்றன. பள்ளிச் சத்துணவுக் கூடத்திலும், அங்கன்வாடியிலும், திருவிழா அன்னதானத்திலும் சமைப்போர் சோப்பிட்டுக் கைகழுவவும், அவர்களுக்கு மருத்துவச் சோதனை நடைபெறவும் ஏற்பாடு செய்வது பஞ்சாயத்தின் கடமை.

மண்ணீரல் காட்டிய உண்மை

கால்வாய்ப் பாசனக்காரர்களாகிய நீங்கள் அறியவேண்டிய ஒரு வரலாறு உண்டு. டில்லியைச் சுற்றியுள்ள கால்வாய்ப் பகுதிகளில் காய்ச்சல் மிகுந்திருந்தமையால், 1845-இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதில் இருந்த டெம்ப்ஸ்டர் என்னும் மருத்துவர், ஊர்தோறும் மக்களின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மண்ணீரல் வீங்கியோர் எத்தனை பேர் என்று எண்ணினார். வடிகால் இல்லாமல் நீர் தேங்கிய ஊர்களில் அவ்வெண் மிகுதியாகவும், நீர் வடிந்த ஊர்களில் குறைவாகவும் இருந்தது. கொசுவால் மலேரியா பரவுகிறது என்பதற்கு ஆதாரத்தை ரொனால்டு ராஸ் 1897-இல் செகந்தராபாத்தில் காண்பதற்கு ஐம்பது ஆண்டுகள் முன்பே, மண்ணீரல் அந்த உண்மையைச் சுட்டிக்காட்டிவிட்டது. பிற்காலத்தில் ஓர் ஊரில் மலேரியா எவ்வளவு என்று அளப்பதற்கு, குழந்தைகளில் 100-க்கு எத்தனை பேருக்கு மண்ணீரல் வீங்கியிருக்கிறது என்று எண்ணுவதே முறையாயிற்று.

1947-இல் நம் நாட்டில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேர் மலேரியாவால் துன்புற்றதாகவும் 8 லட்சம் பேர் மாண்டதாகவும் மதிப்பிட்டனர். 1953-இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டமும், 1958-இல் ஒழிப்புத் திட்டமும் தொடங்கின. 1961-இல் நோயாளர் தொகை ஏறத்தாழ 50 ஆயிரமாகக் குறைந்தது. நோய் ஒழிந்தது என்று கருதி முயற்சி தளர்ந்தது. கொசுவும் மருந்துக்குப் பழகிவிட்டது. 1976-இல் நோயாளர் தொகை 64 லட்சமாக ஏறிற்று. அதன்பின் மீண்டும் பாடுபட்டுத்தான் குறைக்க முடிந்தது. தூர் வாரிய வாய்க்கால் என்று இரண்டாண்டு பாராமல் விட்டால் என்ன ஆகும் என்பது உங்களுக்குத் தெரியாததன்று.

அடிபட்ட மண்ணீரல்

மண்ணீரல் இரத்தம் நிறைந்த மெல்லிய உறுப்பு. பனையேறி விழுவோர், மாடு முட்டியோர், இருசக்கர வண்டியில் அடிபட்டோர் ஆகியோருக்கு அது கிழிந்து, வயிற்றினுள்ளே இரத்தம் கசியக்கூடும். வெளியே காயம் தெரியாது. சில மணி நேரமோ சில நாட்களோ சென்ற பின்னும் கசிவு தொடங்கலாம். இடது விலாவில் அடிபட்டவருக்கு இடத் தோளில் வலி, தலைசுற்றல், வியர்வை, நாடித் துடிப்பு மிகுதல் ஆகியவை கண்டால் 108 வண்டியை அழையுங்கள். குடிக்க எதுவும் தராதீர்கள். மண்ணீரலை எடுக்க நேர்ந்தாலும் மனிதன் வாழலாம். ஆயினும் காவற்காரன் இல்லாத வீடாகையால், நிமோனியா, மூளைச்சவ்வுக் காய்ச்சல் முதலியவற்றுக்கான தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்ள வேண்டும். சுரம் கண்டால் உடனே டாக்டரிடம் செல்ல வேண்டும்.

கால்நடைகளிலும் இவ்வுறுப்புகள் நமக்குப் பாடம் கூறுகின்றன. குட்டையோரத்தில் மேயும் மாட்டின் பித்தநாளங்களில் தட்டைப்புழு குடியேறுகிறது. அதற்கு இடைவீடாக இருப்பது நத்தை. மாடு இளைத்து, பால் குறைந்து, தாடைக்கீழ் நீர் கோத்தால் கால்நடை டாக்டரிடம் காட்டுங்கள். அடைப்பான் நோயிலோ, மண்ணீரல் பெரிதும் வீங்கிக் கறுத்துவிடும். திடீரென்று இறந்த மாட்டின் மூக்கிலும் ஆசனத்திலும் உறையாத கறுத்த இரத்தம் வடிந்தால், அதை அறுக்கவோ தோலுரிக்கவோ கூடாது. அதன் நுண்வித்துகள் மண்ணில் பல்லாண்டு கிடந்து மாட்டையும் மனிதனையும் கொல்லும். கால்நடை மருத்துவருக்குச் சொல்லியனுப்பி, ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பிட்டுப் புதைப்பதே முறை.

நாம் செய்யவேண்டியவை

நண்பர்களே! இவ்வளவையும் கேட்டபின் பஞ்சாயத்து செய்யவேண்டியவற்றைச் சுருக்கிக் கூறுகிறோம். மேல்நிலைத் தொட்டியைக் குறித்த தேதிகளில் கழுவி, கழுவிய தேதியைத் தொட்டியிலேயே எழுதுங்கள். நாள்தோறும் குளோரின் இட்டு, கடைசித் தெருக் குழாயில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது எஞ்சியிருக்கிறதா என்று சோதியுங்கள். குடிநீர்க் குழாய் சாக்கடையைக் கடக்கும் இடங்களை நேரில் சென்று பாருங்கள். ஒழுகும் இணைப்பை அன்றே அடையுங்கள். ஒரே தெருவில் இரண்டு பேருக்குக் கண் மஞ்சளித்தால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு உடனே தெரிவியுங்கள். அதுவரை தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடிக்கும்படி பறைசாற்றுங்கள். நீர் தேங்கும் பள்ளங்களை வடியுங்கள். கிணற்றையும் தொட்டியையும் மூடி வையுங்கள். அறுவைச் சிகிச்சை தேவைப்படும் ஏழைக் குடும்பத்துக்கு முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டு அட்டை இருக்கிறதா என்று நோய் வருமுன்னரே விசாரித்து வையுங்கள். மாட்டை விற்றபின் அட்டையைத் தேடுவதில் பயனில்லை.

கிராம சபையில் கணக்கு வாசிக்கும்போது, எத்தனை அடி சாலை போட்டோம், எத்தனை விளக்கு மாற்றினோம் என்று படிக்கிறோம். இனி, இந்தக் காலாண்டில் நம் ஊரில் எத்தனை பேருக்குக் காமாலை கண்டது, அவர்களில் எத்தனை பேர் முதல் வாரத்திலேயே ஆஸ்பத்திரிக்குப் போனார்கள் என்பதையும் அதனோடு சேர்த்துப் படிப்போமாக. முதல் எண் ஆண்டுக்காண்டு குறையுமானால் நம் தண்ணீர் நல்ல தண்ணீர். இரண்டாம் எண் உயருமானால் நாம் இன்று பேசியது வீண்போகவில்லை.